தந்தையின் பெயரும் மகளின் குரலும்



சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் கற்பித்த வகுப்பொன்றிலே பதினைந்து வயது மாணவி ஒருத்தி இருந்தாள். அவளுடைய தந்தையார் அவ்வூர் அரசியலிலே பெயர் பெற்றவர். சுவரொட்டிகளிலும் மேடைப் பதாகைகளிலும் அவர் பெயர் இருக்கும். ஒருநாள் கட்டுரைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தாளிலே பெயர் இல்லாதிருந்தது. கையெழுத்தைக் கொண்டு அது அவளுடையதென அறிந்து, "ஏன் பிள்ளை, பேர் எழுத மறந்திட்டியோ?" என்று கேட்டேன். "மறக்கேல்ல சேர். பேரைக் கண்டா எல்லாரும் அப்பாவைத்தான் வாசிப்பினம்" என்றாள்.

அந்த விடைக்கு உடனே மறுமொழி சொல்ல எனக்கு இயலவில்லை. வீட்டுக்கு வந்த பின்னர் என் நினைவுக்கு வந்தது ஒரு நூல். அந்த நூலைப் பற்றியும், அதை எழுதியவரின் இளம் பருவத்தைப் பற்றியுமே இன்று பேச விரும்புகின்றேன். நூலின் பெயர் 'நண்பருக்கு இருபது கடிதங்கள்'. எழுதியவர் ஸ்வெத்லானா அலிலுயேவா. சோவியத் நாட்டை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆட்டிப்படைத்த ஸ்டாலினின் ஒரே மகள்.

பிள்ளைகளைப் பற்றி நம் இலக்கியம் நிறையவே பேசியிருக்கின்றது. வள்ளுவர் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பிள்ளையால் பெற்றவருக்கு வரும் மகிழ்ச்சியும் பெருமையும் அங்கே நிறைந்திருக்கின்றன. பெற்றவரின் பெயர் பிள்ளையின் தோளிலே சுமையாக இறங்கினால் என்ன ஆகும் என்பது வேறொரு வினா. அந்த வினாவுக்குத் தன் வாழ்வையே விடையாக எழுதியவர் ஸ்வெத்லானா. அதனாலேயே அவருடைய நூலை வெறும் அரசியல் நூலாக ஒதுக்கிவிடாமல் இலக்கியமாகவும் நோக்க வேண்டியிருக்கின்றது.

முதலிலே பெயர்களைப் பார்ப்போம். 'ஸ்டாலின்' என்பது பிறந்தபோது இட்ட பெயரன்று. ஜோர்ஜியாவிலே செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்த ஜுகாஷ்விலி என்பவர் புரட்சி வாழ்விலே தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட புனைபெயர் அது. எஃகு என்று பொருள்படும் ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது. மகளின் பெயரோ ஒளி என்ற சொல்லடியாகப் பிறந்தது. கவிஞர் ஷுகோவ்ஸ்கி 1813 ஆம் ஆண்டு வெளியிட்ட கதைப்பாடல் ஒன்றினாலேயே அந்தப் பெயர் ரஷ்ய மக்களிடையே பரவியது. தந்தையின் பெயர் அரசியலிலிருந்து வந்தது. மகளின் பெயர் இலக்கியத்திலிருந்து வந்தது. இந்த இரண்டுக்கும் இடையிலேதான் அவருடைய வாழ்வு முழுவதும் இழுபட்டது.

1926 பெப்ரவரி 28 ஆம் திகதி அவள் பிறந்தாள். கிரெம்ளின் மதிலுக்குள்ளே வளர்ந்தாள். குழந்தையாக இருந்தபோது தந்தை அவள்மீது மிகுந்த பாசம் காட்டினார் என்பதை அவளே எழுதியிருக்கிறாள். வீட்டிலே ஒரு விளையாட்டு நடக்கும். அவள்தான் வீட்டின் எசமானி. தந்தையும் அவருடைய சகாக்களும் அவளுடைய செயலாளர்கள். படம் பார்க்கப் போகவேண்டும் என்று அவள் கட்டளை எழுதுவாள். நாட்டையே நடுங்க வைத்த மனிதர் பணிந்து ஒப்புதல் எழுதிக் கையொப்பம் இடுவார். தாயில்லாத குழந்தைக்கு அந்த விளையாட்டு எத்தனை இனித்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆம், தாய் இல்லை. 1932 நவம்பர் 9 ஆம் திகதி தாயார் நதேஷ்தா இறந்துபோனார். அவள் அப்போது ஆறரை வயதுக் குழந்தை. குடல்வால் அழற்சியால் அம்மா இறந்துவிட்டார் என்று அவளுக்குச் சொன்னார்கள். பத்து ஆண்டுகள் அதையே நம்பினாள்.

1933 இல் மொஸ்கோவின் 25 ஆம் இலக்க மாதிரிப் பாடசாலையிலே சேர்ந்தாள். பாடசாலைக்குப் போனாலும் படமாளிகைக்குப் போனாலும் மெய்க்காவலர் ஒருவர் பின்னாலே வருவார். நம்மூரில் ஒரு பிரமுகரின் பிள்ளை என்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கேயோ அவள் யாரோடு பேசினாள், எங்கே நின்றாள் என்பதெல்லாம் கணக்கிலே சேர்ந்தன. உடையிலும் அவளுக்கு உரிமை இருக்கவில்லை. பாவாடை முழங்காலுக்கு மேலே இருக்கின்றது, காலுறை கட்டையாக இருக்கின்றது என்று தந்தை சினப்பார். வளரும் பெண்பிள்ளைக்கு அந்தச் சினம் எவ்வளவு வலித்தது என்பதை நூலிலே காண்கின்றோம்.

அந்தப் பாடசாலைக் காலத்திலே நடந்த நிகழ்ச்சி ஒன்று என் மனத்தை விட்டு நீங்காதது. 1937, 1938 ஆம் ஆண்டுகள் சோவியத் நாட்டிலே கைதுகளின் காலம். அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையையும் கொண்டுபோனார்கள். தோழியின் தாய் ஒரு கடிதம் எழுதி, தன் மகள் வழியாக இவளிடம் அனுப்பினார். இரவுணவின்போது அவள் அதைத் தந்தையிடம் கொடுத்தாள். மேசையிலே இருந்தவர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். சில நாளிலே அந்த மனிதர் விடுதலையாகி வீடு திரும்பினார். ஆனால் இனிமேல் இப்படிக் கடிதம் எதுவும் கொண்டுவரக்கூடாது என்று மகளுக்குக் கண்டிப்பான தடை விழுந்தது.

பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை. தான் நீட்டிய தாள் ஒரு மனிதரை மீட்கின்றது என்பதைக் கண்டாள். மறுகணமே அந்தக் கை கட்டப்பட்டது. அதே காலத்தில் அவளுடைய சொந்த உறவினர்களே ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். பெரியம்மா அன்னாவின் கணவர் ரெதென்ஸ் 1938 இல் கைதாகி 1940 இல் சுடப்பட்டார். அவளைத் தூக்கி வளர்த்த உறவுகளின் பெயர்களை வீட்டிலே யாரும் உச்சரிப்பதில்லை. ஏன் என்று கேட்கவும் முடியாது.

1942 ஆம் ஆண்டு. பதினாறு வயது. ஆங்கிலம் நன்றாகக் கற்கவேண்டும் என்பதற்காக வெளிநாட்டுச் சஞ்சிகைகளை வாசிக்க அவளுக்கு அனுமதி இருந்தது. அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு சஞ்சிகையிலே தன் தந்தையைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் கண்டாள். அதிலே அவருடைய மனைவி தற்கொலை செய்துகொண்டார் என்பது எல்லாரும் அறிந்த செய்திபோல ஒரு வரியிலே எழுதப்பட்டிருந்தது. பாட்டியிடம் ஓடினாள். பாட்டி மறுக்கவில்லை. ஊரும் உலகமும் அறிந்த உண்மையை அந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி மட்டும் அறியாமல் இருந்திருக்கிறாள்! பிரபலமான குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நேரக்கூடிய விசித்திரமான கொடுமை இது. தம்மைப் பற்றிய செய்தி தமக்கே பிறர் வாயால் வந்து சேரும்.

அந்த நாளிலிருந்து அவளுக்குள்ளே ஏதோ ஒன்று உடைந்துவிட்டது. தந்தையின் சொல்லுக்கு மறுசொல் இல்லை என்ற நம்பிக்கை போய்விட்டது. கண் திறந்த பிள்ளையாகிவிட்டாள்.

அதே ஆண்டின் பிற்பகுதியிலே திரைக்கதை எழுத்தாளர் அலெக்சேய் கப்ளர் அவளுக்கு அறிமுகமானார். லெனினைப் பற்றிய இரண்டு புகழ்பெற்ற படங்களுக்குக் கதை எழுதியவர். அவருக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. அவளோ பாடசாலை மாணவி. இந்த வயது வேறுபாட்டை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஓர் ஆசிரியன் என்ற முறையிலே அது எனக்கு உவப்பானதுமன்று. ஆயினும் அவள் அந்தப் பழக்கத்திலே எதைத் தேடினாள் என்பதே நமக்கு வேண்டியது. ஓவியக்கூடத்துக்குப் போனார்கள். பழைய படங்களைப் பார்த்தார்கள். அப்போது ரஷ்ய மொழியிலே அச்சாகாத ஹெமிங்வேயின் நாவலைத் தட்டச்சுப் பிரதியாக அவர் அவளுக்கு வாசிக்கக் கொடுத்தார். கவிதை நூல்கள் கொடுத்தார். அவளை ஸ்டாலினின் மகளாகப் பாராமல், புத்தகங்களைப் பற்றிப் பேசத்தக்க ஒரு மனுஷியாகப் பார்த்த மனிதர் என்றே அவளுக்கு அவர் தோன்றியிருக்கிறார். போகுமிடமெல்லாம் மெய்க்காவலர் சில அடி தூரத்திலே நடந்துவந்தார்.

கப்ளர் போர்முனைச் செய்தியாளராக ஸ்டாலின்கிராட் சென்றார். நகரத்தின் பெயரும் அவள் தந்தையின் பெயர்தான் என்பதைக் கவனியுங்கள். 1942 டிசம்பரிலே 'பிராவ்தா' நாளேட்டிலே அவருடைய கட்டுரை ஒன்று வெளிவந்தது. போர்முனையிலிருந்து ஓர் அதிகாரி தன் காதலிக்கு எழுதும் கடிதம்போல அது அமைந்திருந்தது. மொஸ்கோவிலே இப்போது பனி பெய்துகொண்டிருக்கும், உன் சாளரத்திலிருந்து கிரெம்ளின் மதில் தெரியும் என்ற கருத்தோடு அது முடிந்தது. கிரெம்ளின் மதில் தெரியும் சாளரம் யாருடையது என்பது தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தது.

1943 மார்ச் மாதம் கப்ளர் கைதானார். அவளுக்குப் பதினேழு வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்தன. காலையிலே பாடசாலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவளின் அறைக்குள்ளே தந்தை வந்தார். எழுத்தாளரின் கடிதங்களையெல்லாம் கேட்டார். அவர்களுடைய தொலைபேசி உரையாடல்கள் அத்தனையும் தம் சட்டைப்பையிலே இருப்பதாகத் தட்டிக் காட்டினார். அந்த மனிதன் பிரித்தானிய ஒற்றன் என்றார். "நான் அவரை நேசிக்கிறேன்" என்று மகள் சொன்னாள். வாழ்விலே முதல் தடவையாகத் தந்தை அவளுடைய கன்னத்திலே இரண்டு முறை அறைந்தார். பாடசாலையிலிருந்து திரும்பியபோது தந்தை உணவறையிலே அமர்ந்து கடிதங்களையும் படங்களையும் கிழித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒரு ரஷ்யன்கூடக் கிடைக்கவில்லையே என்று முணுமுணுத்தார். கப்ளர் யூதர் என்பதே அவருக்குப் பெரிய குற்றமாகத் தெரிந்தது.

கப்ளருக்கு வடதுருவத்தை அண்டிய வோர்குதாவிலே ஐந்தாண்டு. அது முடிந்தபின் மேலும் ஐந்தாண்டு. ஸ்டாலின் இறந்த 1953 இலேதான் அவர் விடுதலையானார். தந்தைக்கும் மகளுக்கும் இடையிலே இருந்த பாசம் அந்தக் காலைப்பொழுதோடு முடிந்துவிட்டது.

இனி நான் சொல்ல விரும்பும் மையமான இடத்துக்கு வருகின்றேன். பாடசாலையை முடித்த அந்தப் பெண் பல்கலைக்கழகத்திலே இலக்கியம் படிக்க விரும்பினாள். தந்தை மறுத்தார். எழுத்தாளர்களோடு சேர்ந்து திரிவதற்கான ஆசை என்று அதை இகழ்ந்தார். வரலாறு படி, அதன் பிறகு விரும்பியதைச் செய் என்றார். அவள் கீழ்ப்படிந்தாள். வரலாற்றுத் துறையிலே சேர்ந்தாள்.

இதைக் கேட்கும் நேயர்கள், அவள் தோற்றுப்போனாள் என்று எண்ணலாம். நான் அப்படி எண்ணவில்லை. அதே காலத்திலே அவள் தந்தையிடம் வேறொன்றைக் கேட்டுப் பெற்றாள். மெய்க்காவலர் வேண்டாம், அவரைப் பின்னாலே விட்டுக்கொண்டு பல்கலைக்கழகம் போக வெட்கமாக இருக்கின்றது என்றாள். தந்தை எரிச்சலோடு சம்மதித்தார். பதினேழரை வயதிலேதான் அவள் முதன்முதலாக ஒரு தெருவிலே தனியாக நடந்தாள். நம் பிள்ளைகளுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அவளுக்கோ அது ஒரு விடுதலைப் போராட்டத்தின் வெற்றி.

தன்னியல்பைக் காத்தல் என்றவுடன் நாம் உரத்த குரலையும் கலகத்தையுமே நினைக்கின்றோம். ஸ்டாலினின் வீட்டிலே உரத்த குரலுக்கு இடமில்லை. அங்கே ஓர் இளம்பெண் செய்யக்கூடியது ஒன்றுதான். தான் நேசித்ததை மறக்காமல் இருத்தல். அவள் இலக்கியத்தை மறக்கவில்லை. வரலாற்றுப் பட்டத்தை முடித்தாள். பின்னர் இலக்கியத்துறைக்கே திரும்பி, 1954 இல் சோவியத் நாவலைப் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றாள். 1956 இலிருந்து மொஸ்கோவின் கோர்க்கி உலக இலக்கிய நிறுவனத்திலே பணியாற்றினாள். தந்தை பதினேழு வயதிலே அடைத்த கதவை அவள் முப்பது வயதுக்குள்ளே தானே திறந்துகொண்டாள்.

1957 இல் இன்னொரு காரியமும் செய்தார். ஸ்டாலினா என்ற குடும்பப் பெயரை விலக்கித் தாயின் குடும்பப் பெயரான அலிலுயேவாவை ஏற்றார். அந்தப் பழைய பெயரின் உலோக ஓசை தம் செவியைக் காயப்படுத்தியதாக அவர் காரணம் கூறினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1953 மார்ச் மாதம், ஸ்டாலின் மறைந்த நாட்களிலே தமிழ்நாட்டிலே மு. கருணாநிதி தம் மகனுக்கு அதே பெயரைச் சூட்டியிருந்தார். ஒரு தந்தை விரும்பிச் சூட்டிய பெயர். ஒரு மகள் விரும்பிக் கழற்றிய பெயர். தூரத்திலிருந்து கேட்பவருக்கும் உள்ளேயிருந்து கேட்பவருக்கும் ஒரே பெயர் எப்படி வேறுவேறாக ஒலிக்கின்றது பாருங்கள்.

1963 கோடையிலே, மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள ஷுகோவ்கா கிராமத்திலே முப்பத்தைந்து நாளிலே அவர் எழுதி முடித்த நூல்தான் 'நண்பருக்கு இருபது கடிதங்கள்'. அதன் கடித வடிவமே இங்கு சிந்திக்கத்தக்கது. கடித இலக்கியம் என்றதும் நமக்கு நேருவே நினைவுக்கு வருவார். 1928 இல் பத்து வயது மகள் இந்திராவுக்கு அவர் எழுதிய கடிதங்களும், 1930 இலிருந்து சிறையிலிருந்து எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களும் நாம் அறிந்தவை. அங்கே தந்தை பேசுகிறார். பதின்ம வயது மகள் கேட்கிறாள். ஸ்வெத்லானாவின் நூலிலே இது தலைகீழாகின்றது. பேசாமல் வளர்ந்த மகள், தந்தை மறைந்து பத்தாண்டுகளின் பின்னர் பேசுகிறார். அதையும் தந்தையிடம் பேசவில்லை. ஒரு நண்பரிடம் பேசுகிறார். சிறுவயதிலே கிழிக்கப்பட்ட கடிதங்களுக்குப் பதிலாக அவர் மீண்டும் எழுதிய கடிதங்கள் இவை என்று நான் கருதுவதுண்டு.

நூலிலே குறைகளும் உள. தந்தையின் கொடுமைகளுக்குப் பெரியாவைப் போன்ற சகாக்களையே மிகுதியாகக் குற்றஞ்சாட்டுகிறார் என்று விமரிசகர்கள் சொன்னது நியாயமே. மகளின் பாசம் இடையிடையே நீதியின் தராசை ஆட்டுகின்றது. ஆனால் அந்தத் தடுமாற்றத்தை அவர் மறைக்கவில்லை. தந்தையை வெறும் அரக்கனாகத் தீட்டியிருந்தால் மேலைநாட்டிலே இன்னும் நன்றாக விலைபோயிருக்கும். அப்படிச் செய்யாமல், அன்பு காட்டிய தந்தையையும் அறைந்த தந்தையையும் ஒரே மனிதராகவே எழுதினார். நூலின் இலக்கியப் பெறுமதி அங்கேதான் இருக்கின்றது.

இதன் பின்னர் நடந்தவை உலகச் செய்தியாயின. மருத்துவமனை ஒன்றிலே தாகூரின் நூல் பற்றிய பேச்சினால் நெருக்கமான இந்தியர் பிரஜேஷ் சிங் 1966 இல் மொஸ்கோவிலே காலமானார். அவருடைய அஸ்தியைக் கங்கையிலே கரைக்க இந்தியா வந்தார் ஸ்வெத்லானா. 1967 மார்ச் 6 ஆம் திகதி புதுடில்லியிலே அமெரிக்கத் தூதரகத்துக்குள் நுழைந்தார். அவ்வாண்டே நூல் மேலைநாடுகளிலே வெளிவந்தது.

ஆனால் ஒன்றை மறைத்துப் பேசினால் நான் நேர்மையானவனாக மாட்டேன். அவர் மொஸ்கோவிலே இரண்டு பிள்ளைகளை விட்டு வந்தார். மகளுக்கு அப்போது பதினாறு வயது. தாயின் மரணத்தைப் பற்றிய உண்மையை ஸ்வெத்லானா சஞ்சிகையிலே வாசித்த அதே வயது. இப்போது அவருடைய மகள் தன் தாயைப் பற்றிய செய்தியை உலகின் வாயிலிருந்து கேட்டாள். அந்தப் பெண் பின்னாளிலே எரிமலை ஆய்வாளராகித் தூரக்கிழக்கிலுள்ள காமச்சாட்காவிலே வாழ்ந்தார். தாயோடு உறவைப் புதுப்பிக்க அவர் விரும்பவில்லை. தன்னியல்பைக் காக்க ஒருவர் எடுக்கும் அடி இன்னொருவரின் நெஞ்சிலே விழலாம் என்பதையும் இந்த வரலாறு சொல்கின்றது.

அமெரிக்காவிலே திருமணத்தால் லானா பீட்டர்ஸ் என்ற புதிய பெயர் அவருக்குக் கிடைத்தது. அதுவும் போதவில்லை. எங்கே போனாலும் தம் தந்தையின் பெயருக்குத் தாம் அரசியற் கைதியே என்று முதுமையிலே கூறினார். 2011 நவம்பர் 22 ஆம் திகதி விஸ்கொன்சின் மாநிலத்திலே தமது 85 ஆவது வயதிலே காலமானார். மறுநாட்களில் வந்த செய்தித் தலைப்புகளிலே 'ஸ்டாலினின் மகள்' என்றே இருந்தது.

அப்படியானால் அவருடைய முயற்சி வீணா? உலகத்தின் வாயை அவரால் மாற்ற முடியவில்லை என்பது உண்மை. ஆனால் நூலைத் திறந்து வாசிப்பவருக்கு இரண்டாவது மூன்றாவது கடிதத்துக்குள்ளேயே ஸ்டாலின் பின்னே செல்கிறார். பனி படிந்த மரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு சிறுமி முன்னே வருகிறாள். வாசகனின் கண்ணிலே அவளுக்குத் தன் பெயர் திரும்பக் கிடைக்கின்றது. எழுத்து செய்யக்கூடியது அவ்வளவே. அது சிறிதன்று.

பெயர் எழுதாத என் மாணவியின் கட்டுரைக்கு வருகின்றேன். அதைப் பெயரில்லாமலே திருத்தினேன். கருத்து நன்றாக இருந்தது. சந்திப் பிழைகள் ஆறேழு இருந்தன. நூற்றுக்கு 62 புள்ளிகள் இட்டுச் சிவப்பு மையிலே குறிப்பும் எழுதிக் கொடுத்தேன். வழக்கமாக அவளுக்கு எல்லாரும் எண்பதுக்குக் குறையாமல் போடுவார்கள். தாளை வாங்கிப் பார்த்தவள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மேசையிலே தாளை வைத்து, என் முன்னாலேயே தன் பெயரை எழுதினாள்.